பை போச்சு... பாடு போச்சா?

- மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவன்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழுவில் இருக்கும் என் அறைத் தோழன் கேட்டபோது, டர்போ சார்ஜர் பற்றி எழுதுகிறேன் என்றுதான் சொன்னேன். "அதைத்தான் வருஷா வருஷம் எவனாவது எழுதறானே. நீ ஏன்டா உன் கதையை எழுதக் கூடாது?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலம் கழிப்பதைப் பற்றி மலரில் எழுதுவதா! பெயர்ப் பொருத்தம் வேண்டுமானால் நன்றாகத்தான் இருக்கிறது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். போன வருடம் வகுப்பில் பாதியில் எழுந்து ஓடியதற்காக எனக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பட்டம் வைத்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டேன். ஏன் ஓடினேன் என்று நாலைந்து பேருக்குத்தான் தெரியும். டர்போ சார்ஜருக்கு லைப்ரரியில் பத்துப் புத்தகம் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நான் தேடிய விஷயத்துக்குத் தமிழில் உருப்படியாக ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன். முகம் சுளிக்காமல் படியுங்கள். சாப்பிடும் நேரமென்றால் பக்கத்தைத் திருப்பிவிட்டு அப்புறம் வாருங்கள்.

நடந்தது இதுதான். இரண்டாம் ஆண்டு ஆரம்பத்தில் டைபாய்டு வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து நாளில் காய்ச்சல் விட்டதும் நானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டேன். அந்தத் தப்பு முழுக்க என்னுடையது. மறுபடி காய்ச்சல் வந்தது, 'சீசன் காய்ச்சல்' என்று போர்த்திப் படுத்தேன். ஒருநாள் விடியற்காலை வயிற்றில் கத்தியைச் சொருகியது மாதிரி வலி. வயிறு பலகை போல இறுகிவிட்டது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "குடல்ல ஓட்டை விழுந்திருக்கு, இப்பவே திறக்கணும்" என்றார் டாக்டர்.

டைபாய்டு கிருமி சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உள்ள நிணநீர்த் திட்டுகளில்தான் குடியேறும். கவனிக்காமல் விட்டால் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அந்தத் திட்டுகள் புண்ணாகி, சில பேருக்குச் சுவரே பொத்துக்கொள்ளும். எனக்கு அப்படித்தான். கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்தார்கள். ஆனால் வயிறு முழுக்க மலமும் சீழும் பரவிக் கிடக்கும்போது அங்கேயே தையல் போட்டு இணைத்தால் அது பிய்ந்துபோகும் ஆபத்து அதிகம். அதனால் சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலது பக்கம் தோலுக்கு வெளியே எடுத்துத் தைத்துவிட்டார்கள். இதற்கு இலியாஸ்டமி என்று பெயர். பெருங்குடலை வெளியே எடுத்தால் கொலாஸ்டமி. சிவில் நண்பர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மெயின் லைனில் ரிப்பேர், அதனால் பைபாஸ். மயக்கம் தெளிந்து பார்த்தால் வயிற்றில் சிவப்பாக ஒரு ரோஜா மொட்டு, அதன்மேல் ஒட்டிய ஒரு பை.

அந்த மூன்று மாதக் கதையை எழுதினால் மலர் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்த மொட்டைத் தொட்டால் வலிக்காது. அதற்கு மூடித் திறக்கும் தசையும் கிடையாது. நாம் 'இப்போ வேண்டாம்' என்று சொன்னால் அது கேட்காது. தண்ணீராக அது பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும், பையைத் திறந்து கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே நானும் அம்மாவும் காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருந்தோம். பை போகிற நாள்தான் எங்களுக்குத் தீபாவளி.

மூன்று மாதம் கழித்து, கீழ்ப்பாதை சரியாக இருக்கிறதா, எங்கேயும் அடைப்போ கசிவோ இல்லையா என்று மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். பிறகு இரண்டாவது ஆபரேஷன். வெளியே இருந்த குடலை உள்ளே இருந்த குடலோடு சேர்த்துத் தைத்து உள்ளே தள்ளிவிட்டார்கள். முதல் ஆபரேஷனோடு ஒப்பிட்டால் இது சின்னது. மொட்டு இருந்த இடத்தை முழுசாகத் தைக்காமல் சின்ன வாயாக விட்டிருந்தார்கள். உள்ளிருந்து ஆறி வரட்டும் என்று அப்படி விடுவார்களாம். சில வாரம் கட்டுப்போட்டுக்கொண்டேன்.

ஆபரேஷன் ஆனதும் குடல் சில நாள் அசையாமல் படுத்துக்கொள்ளும். அது எழுந்ததற்கு அடையாளம் காற்றுப் பிரிவது. காலையில் டாக்டர் வந்து "காத்துப் பிரிஞ்சுதா?" என்பார். சிஸ்டர் "காத்துப் பிரிஞ்சுதா தம்பி?" என்பார். பக்கத்துப் பெட் பெரியவர், அவரைப் பார்க்க வந்த சம்பந்தி, தரை துடைக்கிற அக்கா வரை எல்லோருக்கும் அதே கவலை. மூன்றாம் நாள் ராத்திரி பிரிந்தது. அம்மா சாமி கும்பிட்டார். காற்றுக்காகத் தேங்காய் உடைத்தது எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும்!

நான்காம் நாள் ஆரம்பித்தது நிஜமான பாடு. அன்று ஒரே நாளில் 14 தடவை. வருகிறது என்று தெரிந்து எழுந்தால் கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை போவதற்குள்... வேண்டாம், விடுங்கள். 19 வயதுப் பையன் லுங்கியை மாற்றிக்கொண்டு, அம்மா துவைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பை இருந்தபோதாவது அசிங்கம் பைக்குள் இருந்தது. "பையே தேவலை போலிருக்கேம்மா" என்று சொல்லி அழுதேன். டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தார். "கொஞ்ச நாள் லூசாப் போகும், பழகிடும்." ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் இவ்வளவு இருக்கும் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஏன் இப்படி?

நம்ம பாஷையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்குச் சிறுகுடலுக்குள் வந்து சேரும் திரவம் சுமார் 8 முதல் 9 லிட்டர். நாம் சாப்பிட்டுக் குடிப்பது அதில் 2 லிட்டர்தான். மற்றதெல்லாம் எச்சில், வயிற்று அமிலம், பித்தம், கணைய நீர், குடல் சுரப்பு. இதில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிவிடுகிறது. சுமார் 1 முதல் 1.5 லிட்டர் பெருங்குடலுக்கு வருகிறது. சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடல் அதையும் பிழிந்து எடுத்து, 100, 200 மில்லியைத்தான் மலத்தோடு வெளியே விடுகிறது.

இப்போது 1,200 மில்லி உள்ளே வருகிறது, 150 மில்லி வெளியே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சும் திறன் 87.5 சதவீதம். மூன்று மாதம் லீவில் இருந்துவிட்டு வந்த பெருங்குடல் 60 சதவீதம்தான் வேலை செய்கிறதென்றால் மீதி 480 மில்லி. மூன்று மடங்குக்கும் மேல்! திறன் கொஞ்சம் குறைந்ததற்கே இந்தக் கதி. 14 தடவை எப்படி வந்தது என்று எனக்கு விளங்கியது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான். விளங்கியதும் பாதி பயம் போய்விட்டது.

சரி, பெருங்குடல் ஏன் அப்படிச் சோம்பிப்போகிறது? அதன் உட்சுவர் செல்களுக்குச் சாப்பாடு பெரும்பாலும் ரத்தத்திலிருந்து வருவதில்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் நாம் சாப்பிட்ட நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற ஒரு கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கின்றன. அதைத் தின்றுதான் அந்தச் செல்கள் பிழைக்கின்றன. பைபாஸ் போட்டதும் மேலேயிருந்து சரக்கு வருவது நின்றுவிட்டது. பாக்டீரியாவுக்கும் பட்டினி, சுவருக்கும் பட்டினி. சுவர் மெலிந்து, சில பேருக்குப் புண்ணாகிச் சளி மாதிரி வரும். பை இருந்த காலத்திலேயே எனக்குப் பின்வழியாக வெள்ளையாகச் சளி வந்து பயந்திருக்கிறேன். பாதை திறந்ததும் பழையபடி சாப்பாடு கிடைத்து, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். ரீபோர் பண்ணின என்ஜினை உடனே டாப் கியரில் விரட்டுவோமா? ரன்னிங் இன் வேண்டும் இல்லையா, அது மாதிரி.

என் விஷயத்தில் இன்னொரு சங்கடம். வெட்டி எடுத்தது சிறுகுடலின் கடைசித் துண்டு. கல்லீரல் அனுப்பும் பித்த உப்புகளில் 95 சதவீதத்தைத் திரும்ப உறிஞ்சி ரீசைக்கிள் செய்வது அந்தப் பகுதிதான். வைட்டமின் பி12ஐ உறிஞ்சுவதும் அதே இடம். அந்த இடம் குறைந்துபோனால் மீதிப் பித்தம் பெருங்குடலில் இறங்கித் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஓடும், போகிற வழியெல்லாம் எரிக்கும். இதற்குப் பித்த உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் கொலஸ்டிரமின் என்ற பவுடர் இருக்கிறது. எனக்குக் கொஞ்ச நாள் கொடுத்தார்கள். பி12 அளவை ரத்தத்தில் அவ்வப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

மூன்றாவது விஷயம் வால்வு. இதைப் படித்தபோது நான் அசந்துபோனேன். ஆசனவாயில் இரண்டு வளையத் தசைகள் உண்டு. உள்வளையம் நம் பேச்சைக் கேட்காது, தானாக இறுக்கிப் பிடித்திருக்கும். வெளிவளையம் நம் கட்டுப்பாட்டில். மலக்குடலில் ஏதாவது வந்து சேர்ந்ததும் உள்வளையம் ஒரு கணம் தளர்ந்து, வந்ததில் ஒரு துளியைக் கீழே விட்டு 'சாம்பிள்' பார்க்கும். அங்கேயுள்ள நரம்புகள், வந்திருப்பது காற்றா, தண்ணியா, கட்டியா என்று பிரித்துச் சொல்லும். காற்றென்றால் மட்டும் மெதுவாக விடலாம்! எந்தப் பிஎல்சி போட்டு இந்த சென்சாரைச் செய்வது? எலக்ட்ரானிக்ஸ் நண்பர்கள்தான் சொல்ல வேண்டும். மூன்று மாதம் வேலையில்லாமல் கிடந்தால் தசையும் தளர்கிறது, இந்தக் கணிப்பும் கொஞ்சம் மழுங்குகிறது. 'காத்துதான்' என்று நம்பி மோசம் போன அனுபவம் எனக்கு இரண்டு தடவை.

பக்கத்துப் பெட் பெரியவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ரிட்டயர்டான பஸ் டிரைவர். அவருக்கு மலக்குடலில் புற்றுநோய். கதிர்வீச்சு கொடுத்து, மலக்குடலின் பெரும்பகுதியை எடுத்து, மேலிருந்த பெருங்குடலைக் கீழே இறக்கித் தைத்து, தையல் ஆறும்வரை எனக்கிருந்தது போலவே ஒரு பை வைத்திருந்தார்கள். அவருக்கும் பையை எடுத்தார்கள். ஆனால் அவர் பாடு வேறு ரகம். மலக்குடல் என்பது ஒரு சம்ப் தொட்டி. நிறைய நிறைய விரிந்து கொடுத்து, நமக்கு வசதியான நேரம்வரை தாங்கும். அவருக்குத் தொட்டியே போய்விட்டது, வெறும் பைப்தான் மிச்சம். அதனால் கொஞ்சம் போவார், எழுந்து வருவார், பத்து நிமிடத்தில் மறுபடி போவார். ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை, அப்புறம் அரைநாள் ஒன்றுமில்லை. "தம்பி, ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் நிக்கிற டவுன் பஸ் ஆயிட்டேன்" என்பார். நான் அவரிடம், "ஐயா, நான் பாயிண்ட் டு பாயிண்ட். ஆனா பிரேக் இல்லை" என்றேன். இரண்டு பேரும் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தோம்.

இந்தத் தொல்லைக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், லார்ஸ் என்று. 2012ல் டென்மார்க் நாட்டு மருத்துவர்கள் இதை அளக்க ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். மொத்தம் 42. நம் பரீட்சைக்கு நேர்மாறு: 20க்குள் வாங்கினால் பாஸ், 30 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையான தொல்லை. இப்படி மலக்குடல் போனவர்களுக்குத் தேறி வர ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகலாம், சிலருக்கு ஓரளவு நிரந்தரமாகவே தங்கிவிடலாம். ஆகவே என் அனுபவத்தை அப்படியே எல்லோருக்கும் பொருத்தாதீர்கள். எந்த இடம் வெட்டப்பட்டது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம்.

என்னதான் செய்தேன்?

முதல் வேலையாக ஒரு அப்சர்வேஷன் நோட் போட்டேன். லேப் ரெக்கார்டு மாதிரியே கட்டம் போட்டு நேரம், சாப்பிட்டது, எப்படிப் போனது என்று மூன்று காலம். எப்படிப் போனது என்பதற்கு 1997ல் வெளியான 'பிரிஸ்டல் அளவுகோல்' இருக்கிறது. 1 என்றால் ஆட்டுப் புழுக்கை, 4 என்றால் வழுவழுப்பான நல்ல உருவம், 7 என்றால் வெறும் தண்ணீர். நம்பரைப் போட்டால் போதும், விவரிக்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்திலேயே நோட்டு பேச ஆரம்பித்துவிட்டது. காபி குடித்த அரை மணியில் 7. கடலை மாவு பஜ்ஜி தின்ற ராத்திரி நான்கு தடவை. தயிர்சாதம் சாப்பிட்ட நாள் 5. டாக்டரிடம் அந்த நோட்டை நீட்டியபோது, "எல்லாரும் இப்படிக் கொண்டாந்தா எங்களுக்கு வேலை சுலபம்" என்றார். நான் வாங்கிய ஒரே ரெக்கார்டு பாராட்டு அதுதான்.

சாப்பாட்டில் எனக்குக் கைகொடுத்தவை: குழைந்த சாதம், தயிர், இட்லி, ஜவ்வரிசிக் கஞ்சி, வேகவைத்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம். இவை மலத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கும். பால் ஒத்துக்கொள்ளவில்லை, தயிர் ஒத்துக்கொண்டது. குடல் சீர்கெட்டிருக்கும்போது பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைப் பாக்டீரியா ஏற்கெனவே தின்று தீர்த்திருக்கும். கீரைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, சோளம், கொப்பரைத் தேங்காய் இவற்றை முதல் ஆறு வாரம் தொடவில்லை. இணைத்த இடம் வீங்கியிருக்கும் சமயத்தில் நார் போய் அடைத்துக்கொள்ளக் கூடாது. முட்டைக்கோஸ், மொச்சை, சோடா எல்லாம் காற்று. அதற்காக எதையும் ஒரேயடியாக விலக்கிவைக்கவும் இல்லை. இரண்டு நாளைக்கு ஒரு புதுச் சாமான் சேர்ப்பது, நோட்டில் குறிப்பது, பிறகு முடிவு. பெருங்குடல் பாக்டீரியாவுக்கு நார் வேண்டுமே!

மிளகாய்தான் பெரிய எதிரி. வாயில் எரிந்தது கீழேயும் எரிகிறதே, ஏன்? மிளகாயிலுள்ள கேப்சைசின் முழுசாகச் செரிப்பதில்லை. அதை உணரும் வாங்கியை 1997ல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள், அதற்கு 2021ல் நோபல் பரிசு. சூட்டை உணர்வதும் அதே வாங்கிதான். அது நாக்கிலும் இருக்கிறது, ஆசனவாயிலும் இருக்கிறது. வேகமாக ஓடுகிற குடலில் கேப்சைசின் நிறையவே கீழே போய்ச் சேரும். நம் ஹாஸ்டல் காரக்குழம்பைச் சாப்பிட்டவர்களுக்கு நோபல் பரிசு கமிட்டி விளக்கம் தேவையில்லை. மெஸ் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். "இதைச் சொல்றதுக்கு ஏன் தம்பி ஒரு வாரம் யோசிச்சே?" என்று கேட்டுவிட்டு, மறுநாளிலிருந்து மிளகு ரசமும் குழைந்த சாதமும் எனக்குத் தனியாக எடுத்துவைத்தார். மூன்று வேளை வயிறுமுட்டச் சாப்பிடாமல் ஐந்து வேளையாகப் பிரித்துச் சாப்பிட்டேன். ராத்திரிச் சாப்பாடு ஏழு மணிக்குள். அதன்பிறகுதான் இரவில் எழுவது குறைந்தது.

ஒரு நாள் பீட்ரூட் பொரியல் போட்டார்கள். மறுநாள் காலை பார்த்தால் ஒரே சிவப்பு. தையல் பிரிந்து ரத்தம் கொட்டுகிறது என்று அலறி, அறைத் தோழன் பைக்கில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

தண்ணீர் விஷயத்தில் எல்லோரும் செய்யும் தப்பை நானும் செய்தேன். நிறையப் போகிறதே என்று முதல் வாரம் குடிப்பதையே குறைத்தேன். தலைசுற்றி விழுந்தேன். அப்புறம் பச்சைத் தண்ணீராக லிட்டர் கணக்கில் குடித்தேன். அதுவும் சரியில்லை, ஏனென்றால் போவது வெறும் தண்ணீர் அல்ல, உப்பும் சேர்ந்து போகிறது. குடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து போகும்போது பின்னாலேயே தண்ணீரும் போகும். இதுதான் ஓஆர்எஸ்ஸின் தத்துவம். 1971ல் வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, சலைன் பாட்டில் தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலக்கி எல்லோருக்கும் குடிக்கக் கொடுத்து ஆயிரக்கணக்கானவர்களைப் பிழைக்கவைத்தார். 2002லிருந்து உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். 'ஸ்ட்ராங்கா இருக்கட்டும்' என்று அரை லிட்டரில் கலக்காதீர்கள். சர்க்கரை அதிகமான கூல்டிரிங்க்ஸும் அப்படியே, குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துவிடும்.

மருந்தைப் பொறுத்தவரை, இரண்டு பெயர் சொல்கிறேன், ஆனால் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். லோபரமைட் என்ற மாத்திரை குடலின் ஓட்டத்தைத் தணிக்கும், அதனால் உறிஞ்ச நேரம் கிடைக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டால்தான் பலன். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் போடக் கூடாது. அளவு மீறினால் இதயத் துடிப்பையே கெடுக்கும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். இன்னொன்று இசப்கோல். 'அது மலச்சிக்கலுக்குத்தானே கொடுப்பாங்க?' என்று அப்பா கேட்டார். நானும் கேட்டேன். அது ஒரு ஸ்பாஞ்சு. காய்ந்த மலத்தில் தண்ணீரைப் பிடித்துவைத்து இளக்கும், தண்ணியான மலத்தில் அதே தண்ணீரை உறிஞ்சிக் கூழாக்கி உருவம் கொடுக்கும். குறைந்த அளவில் ஆரம்பிக்கச் சொன்னார்கள். வாயில் போட்டு அப்படியே விழுங்கினால் தொண்டையில் உப்பி அடைக்கும், கலக்கித்தான் குடிக்க வேண்டும்.

தோல் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி, நாம் தண்ணீரில் கழுவுகிற ஜாதி. பேப்பரில் தேய்த்துத் துடைத்தால் பத்தாவது தடவையில் தோல் உரிந்துவிடும். வாசனை சோப்பு வேண்டாம். கழுவிவிட்டுப் பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்சைடு கிரீம் தடவினேன். புண்ணான பிறகு தடவுவதைவிட முதல் நாளிலிருந்தே தடவுவது நல்லது, பெயின்ட்டுக்கு முன்னால் பிரைமர் அடிக்கிற மாதிரி. ராத்திரியில் ஒரு அகலமான டப்பில் வெதுவெதுப்பான நீர் விட்டுப் பத்து நிமிடம் உட்காருவேன். அந்தச் சுகத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

வால்வுக்குப் பயிற்சி. 1948ல் ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க டாக்டர், பிரசவமான பெண்களுக்காகச் சொன்னது, நமக்கும் உதவுகிறது. காற்றை அடக்குவது போல ஆசனவாயை உள்ளே இழுத்து ஐந்து விநாடி பிடிக்க வேண்டும், பத்து விநாடி தளர்த்த வேண்டும். பத்துப் பத்தாக ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயிறோ தொடையோ இறுகக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. தையல் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகுதான் தொடங்கினேன். இதில் பெரிய சௌகரியம், வெளியே யாருக்கும் தெரியாது. தெர்மல் என்ஜினியரிங் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து அவ்வளவு உன்னிப்பாக என்ன கவனிக்கிறான் என்று சார் வியந்திருப்பார். இரண்டு மாதம் விடாமல் செய்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

இன்னொரு தந்திரம். சாப்பிட்டு வயிறு விரிந்ததும் பெருங்குடலுக்கு 'கிளம்பு' என்று சிக்னல் போகும். காலையில் இது பலமாக இருக்கும். இதை எதிர்த்துச் சண்டை போடாமல் பயன்படுத்திக்கொண்டேன். ஆறரைக்கே இரண்டு இட்லி, வெந்நீர், ஏழு மணிக்குப் போய் உட்காருவது. வந்தாலும் வராவிட்டாலும் பத்து நிமிடம், முக்காமல். ஒன்பது மணி வகுப்புக்குள் இரண்டு தடவை முடிந்துவிட்டால் மதியம்வரை நான் ராஜா.

கல்லூரியில்...

ஐந்தாவது வாரம் திரும்பி வந்தபோது தினம் ஆறேழு தடவை போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், குடலைவிடக் கஷ்டம் கொடுத்தது கூச்சம்தான். முதல் வாரம் யாரிடமும் சொல்லவில்லை. மதியம் சாப்பிடாமலே இருந்தேன், சாப்பிட்டால்தானே வரும் என்று. பட்டினி வயிற்றில் பித்தமும் காற்றுமாக இன்னும் மோசமாயிற்று. ஒருநாள் டிராயிங் ஹாலில் மூன்று மணி நேர வகுப்பு. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் எழுந்து ஓடி, கக்கூஸ் கதவில் பூட்டு தொங்குவதைப் பார்த்தேன். அன்றைக்கு ஹாஸ்டலுக்கு எப்படி வந்தேன் என்பதை எழுதப் போவதில்லை. அறைத் தோழன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு, "குளிச்சிட்டு வா, டீ சொல்றேன்" என்றான். அன்று ராத்திரிதான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் அவன்தான் என்னை எச்.ஓ.டி.யிடம் கூட்டிக்கொண்டு போனான்.

சார் டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கிப் படித்தார். ஒன்றும் பேசாமல் அட்டெண்டரைக் கூப்பிட்டு அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி என் கையில் கொடுக்கச் சொன்னார். வகுப்பில் கதவோர பெஞ்ச். அனுமதி கேட்காமலே வெளியே போகலாம். மாடல் எக்ஸாமிலும் கதவுப் பக்கத்து சீட். கேட்டது இவ்வளவுதான், கிடைத்தது இவ்வளவுதான், ஆனால் அன்றையிலிருந்து அவசரமே பாதியாகக் குறைந்தது. பயந்தால் குடல் வேகமாக ஓடும் என்பது பரீட்சைக்கு முந்தின நாள் உங்களுக்கே தெரியுமே!

பையில் எப்போதும் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். மாற்று ஜட்டி இரண்டு, துண்டு, கிரீம், ஓஆர்எஸ் பாக்கெட், மூடி இறுக்கமான ஒரு கவர். முதல் மூன்று மாதம் பேடு வைத்துக்கொண்டேன். ஆண்பிள்ளைக்கு என்ன பேடு என்று நினைத்தால் நஷ்டம் நமக்குத்தான். நீண்ட பஸ் பயணத்தில் முந்தின இரவிலிருந்தே கஞ்சி, தயிர்சாதம்தான். முடிந்தால் ரயில், அதில் கக்கூஸ் இருக்கிறது.

ஒர்க் ஷாப் நண்பர்களுக்கு ஒன்று. பை இருந்த இடத்தில் வயிற்றுச் சுவர் பலவீனமாக இருக்கும், அங்கே குடல் பிதுங்கிக் குடலிறக்கம் வரலாம். இரண்டு மாதம் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். லேத் சக், மோல்டிங் பாக்ஸ் எல்லாம் மற்றவர்கள்தான் தூக்கினார்கள். 'சோம்பேறி' என்று திட்டிக்கொண்டே தூக்கிய பேட்ச் மேட்டுகளுக்கு நன்றி. இருமும்போது அந்த இடத்தில் உப்பினால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சில அறிகுறிகள் வந்தால் நோட்டு, தந்திரம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாந்தியும் வயிற்று உப்புசமும் சேர்ந்து காற்றே பிரியாமல் நின்றுவிடுவது, குளிர்க் காய்ச்சல், ஏறிக்கொண்டே போகும் வலி, பீட்ரூட் சாப்பிடாமலே ரத்தம், காயத்தில் சீழ், சிறுநீர் குறைந்து மஞ்சளாகி எழுந்தால் கண் இருட்டுவது. இதில் ஒன்று என்றாலும் 'பழகிடும்' என்று படுத்திருக்கக் கூடாது. நான் ஒரு தடவை போர்த்திப் படுத்ததன் விலை உங்களுக்குத் தெரியும்.

என் நோட்டுக் கணக்கு: நான்காம் நாள் 14. இரண்டாவது வாரம் 9, 10. ஆறாவது வாரம் 6. மூன்றாவது மாதம் 4. நேராகக் குறையவில்லை, நடுவில் எகிறிய நாட்களும் உண்டு. கிராஃப் போட்டால் ரம்பப் பல் மாதிரி இருக்கும், ஆனால் சரிவு கீழ்நோக்கித்தான். இப்போது ஒரு வருடம் தாண்டிவிட்டது. தினம் இரண்டு, மூன்று. இரவில் எழுவதில்லை. எண்ணெய் அதிகமானால் இன்றும் தண்டனை உண்டு. டிரைவர் ஐயா போன மாதம் போனில் பேசினார். அவருக்கு இன்னும் ஐந்தாறு தடவை போகிறது, ஆனால் பேத்தி கல்யாணத்துக்குத் திருச்சிவரை பஸ்ஸில் போய்விட்டு வந்தாராம். "டிரைவருக்குப் பின்னால சீட்டு தம்பி, நான் சொன்னா நிறுத்திடுவான்" என்றார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது பை வைத்திருந்தாலோ, எடுத்திருந்தாலோ, என் அப்சர்வேஷன் நோட்டை இரவல் தருகிறேன். திருப்பிக் கொடுத்தால் போதும். மூன்றாம் ஆண்டு 'பி' செக்ஷன், கதவோர பெஞ்ச். அங்கே நான் இல்லையென்றால் ஐந்து நிமிடம் காத்திருங்கள், வந்துவிடுவேன்.